முக்கோணத்தின் கோணங்கள்: அல்வால் வீட்டு மனை முதல் எவரெஸ்ட் சிகரம் வரை

ஐதராபாத்:

செகந்திராபாத்துக்கு வடக்கே அமைந்துள்ள அல்வால், 2007-ஆம் ஆண்டில் ஐதராபாத் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. நகரின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் வீட்டு மனைகள் சதுர கஜக் கணக்கில்தான் விற்கப்படுகின்றன. ஒன்பது சதுர அடி கொண்டது ஒரு சதுர கஜம். முப்பது அடி அகலமும் அறுபது அடி நீளமும் உள்ள மனை 1,800 சதுர அடி, அதாவது 200 சதுர கஜம் என்று ஆவணத்தில் எழுதப்படும். ஆனால் நான்கு பக்கங்களின் நீளத்தை மட்டும் கொண்டு அந்த மனை உண்மையிலேயே 200 கஜம்தான் என்று சொல்லிவிட முடியாது. அதை உறுதி செய்ய முக்கோணத்தின் துணை வேண்டும்.

நான்கு குச்சிகளை ஆணியால் இணைத்துச் சட்டம் செய்தால், அதைப் பக்கவாட்டில் சாய்க்க முடியும். பக்கங்களின் நீளம் மாறாது, பரப்பு குறையும். மூன்று குச்சிகளால் செய்த சட்டமோ அசையாது. மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் முக்கோணத்தின் மூன்று கோணங்களும் முடிவாகிவிடுகின்றன. நாற்கரத்துக்கு இந்த உறுதி இல்லை. மேற்கண்ட மனையின் மூலை செங்கோணமாக, அதாவது 90 பாகையாக இல்லாமல் 75 பாகையாகச் சாய்ந்திருந்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 193 சதுர கஜம் மட்டுமே. நான்கு பக்கங்களும் அதே 30, 60 அடிகளாகவே இருக்கும். ஏழு கஜம் குறைந்திருப்பதை ஒரு பக்க அளவும் காட்டிக் கொடுக்காது.

மூலைவிட்டம் காட்டிக் கொடுக்கும். எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடு மனையை இரு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. மூலைகள் செங்கோணமாக இருப்பின் இரு மூலைவிட்டங்களும் 67 அடி 1 அங்குலமாகச் சமமாக இருக்கும். 75 பாகைச் சாய்வில் ஒன்று சுமார் 59 அடி 9 அங்குலமாகவும் மற்றொன்று 73 அடி 8 அங்குலமாகவும் அமையும். கொத்தனார்கள் அடித்தளம் போடுமுன் 3, 4, 5 அடி என்று கயிறு பிடித்து மூலைமட்டம் பார்ப்பதும் இதே செங்கோண முக்கோணத்தின் பண்பைக் கொண்டுதான்.

பக்கங்களின் அடிப்படையில் முக்கோணங்கள் மூன்று வகைப்படும். மூன்று பக்கங்களும் சமமானால் சமபக்க முக்கோணம். அதன் ஒவ்வொரு கோணமும் 60 பாகை. இரு பக்கங்கள் சமமானால் இருசமபக்க முக்கோணம். அப்பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம். எதுவும் சமமில்லை எனில் அசமபக்க முக்கோணம். கோணங்களின் அடிப்படையிலும் மூன்று வகைகள் உண்டு: மூன்று கோணங்களும் 90 பாகைக்குக் குறைவானால் குறுங்கோண முக்கோணம், ஒன்று சரியாக 90 ஆனால் செங்கோண முக்கோணம், ஒன்று 90-ஐ மிஞ்சினால் விரிகோண முக்கோணம். தெலுங்குப் பாடநூல்கள் குறுங்கோணத்தை 'அல்பகோணம்' என்றும் விரிகோணத்தை 'அதிக கோணம்' என்றும் குறிப்பிடுகின்றன. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசும் பிள்ளைக்கு 'அதிக' என்ற சொல்லே பொருளைச் சொல்லிவிடும். 'விரி' என்ற தமிழ்ச் சொல்லோ கோணத்தின் தோற்றத்தைக் கண்முன் நிறுத்துகிறது.

எவ்வகை முக்கோணமாயினும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. இதைச் சரிபார்க்க ஒரு காகிதமே போதும். முக்கோணமாக வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் சேருமாறு அடுத்தடுத்து வைத்தால் அடிப்பகுதி ஒரு நேர்கோடாக அமையும். ஒரு முக்கோணத்தில் இரண்டு செங்கோணங்களோ இரண்டு விரிகோணங்களோ இருக்க முடியாது என்பது இதிலிருந்தே பெறப்படுகிறது. ஒரு பக்கத்தை நீட்டினால் உண்டாகும் வெளிக்கோணம், எதிரே உள்ள இரு உட்கோணங்களின் கூடுதலுக்குச் சமம்.

இந்தப் பண்புகளைக் கொண்டே இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடாகும். காடு, ஆறு, மலை எதையும் சங்கிலி போட்டு அளக்க வேண்டியதில்லை. கோணம் மட்டும் போதும்.

கோணத்தை அளந்த தியோடலைட் கருவி ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. தென்னைகள் நிறைந்த காவிரிச் சமவெளியில் தொலைவு தெரியாததால் கோயில் கோபுரங்கள் அளவை நிலையங்களாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அக்கருவியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் பல வாரங்கள் உழைத்துத் தம் கையாலேயே அதைச் சீர்செய்தார். முக்கோணத் தொடர் வடக்கே நிஜாமின் ஆட்சிப்பகுதியை எட்டியது. 1818-இல் லாம்டனின் உதவியாளராக நியமிக்கப்பட்ட ஜார்ஜ் எவரெஸ்ட் ஐதராபாத்தில்தான் அவருடன் இணைந்தார். இன்றும் இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனம் இந்நகரின் உப்பலில் இயங்கி வருகிறது.

எல்லா முக்கோணமும் அளவைக்கு உதவாது. அறிந்த பக்கத்துக்கு எதிரே உள்ள கோணம் 10 பாகையாக இருந்தால், அதை அளப்பதில் நேரும் அதே சிறு பிழை, 60 பாகைக் கோணத்தில் உண்டாக்குவதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு பிழையைப் பக்க நீளத்தில் உண்டாக்கும். ஆகவே 30 பாகைக்குக் குறைந்ததும் 120 பாகைக்கு மேற்பட்டதுமான கோணங்களை நில அளவையாளர்கள் தவிர்ப்பர். பள்ளியில் வெறும் வகைப்பாடாகத் தோன்றும் சமபக்க முக்கோணம் களத்தில் விரும்பித் தேடப்பட்டது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. 180 பாகை என்னும் விதி சமதளத்துக்கே உரியது; புவியின் மேற்பரப்போ வளைந்தது. அதன்மீது அமையும் முக்கோணத்தின் கோணங்கள் 180-ஐச் சற்றே மிஞ்சும். சுமார் 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை, அதாவது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு, மிகும். பக்கம் 50 கிலோமீட்டர் உள்ள சமபக்க முக்கோணத்தில் இது ஐந்தரை விகலை. அல்வால் மனையில் இதற்கு இடமே இல்லை. நாட்டை அளந்தவர்களோ இதைக் கழித்த பின்னரே தங்கள் பிழையைக் கண்டறிய முடிந்தது.

நேபாளத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்காத நிலையில், 160 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பதினைந்தாம் எண் சிகரத்தின் கோணங்கள் அளக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு கணக்கிட்டு, அதுவே உலகின் மிக உயர்ந்த சிகரம் என்று 1852-இல் கண்டறிந்தவராக வங்காளத்தின் ராதாநாத் சிக்தர் போற்றப்படுகிறார். 1856-இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. 1865-இல் அதற்கு எவரெஸ்ட் என்று பெயரிடப்பட்டது. நேபாளமும் சீனாவும் 2020-இல் செயற்கைக்கோள் உதவியுடன் அளந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 30 அடி.