காலாவதியான மசோதா

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் மாத்திரை காலாவதி. குப்பையில்தான் போட வேண்டும். நாடாளுமன்றத்தில் வைக்கும் மசோதாவும் இப்படிக் காலாவதி ஆகும். இது பலருக்குத் தெரியாது.

ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செரு இருக்கிறது. தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். பிழைப்புக்காகப் பல மாநிலத்து மக்கள் அங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு வீட்டு வாசலில் இரண்டு தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் அக்கா, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று நான் பாவாடை கட்டிய காலத்திலேயே பேசினார்கள். இப்போது என் மகள் காலேஜுக்குப் போகிறாள். வேண்டாம் என்று தோற்கடித்துவிட்டார்களா?"

"தோற்கடிக்கவில்லையடி. கிடப்பில் கிடந்தே செத்துப்போனது. ஒரு தடவை இல்லை, நாலு தடவை."

அக்கா சொன்னது சரிதான். அது எப்படி என்று பார்ப்போம்.

சட்டமாக வேண்டும் என்று சபையில் வைக்கும் எழுத்துதான் மசோதா. அது மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் நிறைவேற வேண்டும். பிறகு குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். அப்போதுதான் அது சட்டம்.

மாலையில் சபை கலைந்து மறுநாள் கூடுகிறது. இதனால் மசோதாவுக்கு ஒன்றும் ஆகாது. கூட்டத்தொடர் முடிந்து, சில மாதம் கழித்து அடுத்த தொடர் தொடங்குகிறது. அப்போதும் மசோதா உயிரோடு இருக்கும். உறுப்பினர்கள் கொடுத்த சில அறிவிப்புகள் மட்டும் காலாவதி ஆகும். அவற்றைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். குழுக்களின் வேலையும் நிற்காது. இங்கிலாந்தில் பழைய வழக்கம் கடுமையானது. அங்கே தொடர் முடிந்தாலே மசோதாவும் முடிந்தது. நம் அரசியல் சட்டம் அந்த வழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் 107ஆம் பிரிவில் இது தெளிவாக எழுதியிருக்கிறது.

மக்களவையே கலைந்தால் கதை வேறு. அங்கே காத்திருக்கும் மசோதாக்கள் எல்லாம் போய்விடும். மக்களவையின் குழுக்களும் கலைந்துவிடும். நாம் ஓர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். அதிகாரி மாறிவிடுகிறார். "புதிதாக எழுதிக் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். அது போலத்தான்.

பெண்கள் மசோதா முதலில் 1996 செப்டம்பரில் வந்தது. அப்போது பிரதமர் தேவ கவுடா. மசோதாவை ஆராய இரு சபை உறுப்பினர்களும் சேர்ந்த கூட்டுக்குழு அமைத்தார்கள். தலைவர் கீதா முகர்ஜி. மேற்கு வங்கத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினர். குழு வேகமாக வேலை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் அறிக்கை தந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஓர் ஆண்டு மசோதா ஓட்டுக்கு வரவில்லை. 1997 டிசம்பரில் மக்களவை கலைந்தது. மசோதாவும் போனது.

1998இல் மறுபடி முயன்றார்கள். சட்ட அமைச்சர் நம் தம்பிதுரை. ஜூலையில் அவர் மசோதாவை வைக்க எழுந்தார். சபையில் பெரிய ரகளை. சபாநாயகர் பாலயோகியிடமிருந்து காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தார்கள். டிசம்பரில்தான் வைக்க முடிந்தது. 1999 ஏப்ரலில் ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. மக்களவை கலைந்தது. அந்த மசோதாவும் போனது. 1999 டிசம்பரில் மூன்றாவது மசோதா வந்தது. அது 2004இல் காலாவதி.

அடுத்த முறை யோசித்துச் செய்தார்கள். 2008 மே மாதம் மசோதாவை மாநிலங்களவையில் வைத்தார்கள். மாநிலங்களவை கலைவதே இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுவார்கள், அவ்வளவுதான். அங்கே தொடங்கி அங்கேயே இருக்கும் மசோதாவுக்கு ஆபத்து இல்லை. 2009இல் மக்களவை கலைந்தபோது இந்த மசோதா பிழைத்துக்கொண்டது. 2010 மார்ச் 9ஆம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறியது. ஆதரவு 186 ஓட்டு. எதிர்ப்பு ஒரே ஒரு ஓட்டு.

இனி என்ன கவலை என்று நினைப்பீர்கள். கவலை அங்கேதான் தொடங்கியது. மாநிலங்களவையைத் தாண்டி மக்களவைக்கு வந்த மசோதாவுக்குப் பழைய பாதுகாப்பு கிடையாது. நான்கு ஆண்டு அது மக்களவையில் கிடந்தது. யாரும் அதை ஓட்டுக்கு விடவில்லை. எதிர்த்துக் கை தூக்கினால் பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். 2014இல் மக்களவை கலைந்தது. மசோதா நான்காம் முறை செத்தது.

பட்டான்செரு மேடக் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. 1980இல் இந்திரா காந்தி மேடக்கில் ஜெயித்தார். 2009இல் ஜெயித்தவர் நடிகை விஜயசாந்தி. மசோதா கிடந்து செத்த அந்த மக்களவையில் பட்டான்செருவின் உறுப்பினர் ஒரு பெண்!

2023 செப்டம்பரில் ஐந்தாவது மசோதா வந்தது. 20ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. மறுநாளே மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மக்களவையில் ஆதரவு 454. எதிர்ப்பு 2. இருபத்தேழு ஆண்டு இழுத்த வேலை இரண்டு நாளில் முடிந்தது.

"அப்படியானால் அடுத்த தேர்தலிலேயே கிடைத்ததா அக்கா?"

"2024 தேர்தலுக்குக் கிடைக்கவில்லையடி. முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வேண்டும், பிறகு தொகுதிகளைப் பிரிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒதுக்கீடு என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்."