பையனூர் நிலமும் படத்தொழிலாளர் சங்கமும்

புதுப்பட்டினத்தினின்று கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்று, மாமல்லபுரத்தைக் கடந்து, திருப்போரூர் செல்லும் பழஞ்சாலையிற் புகுவோர் சிறிது தொலைவிற் பையனூர் என்னும் ஊரைக் காண்பர். அங்கே 2010-ம் ஆண்டில் தமிழக அரசினர் ஏறத்தாழ 90 ஏக்கர் நிலத்தைத் திரைத்துறையினர் வீடு கட்டி வாழுமாறு 99 ஆண்டுக் குத்தகைக்கு அளிக்க ஆணையிட்டனர். பின்னர் எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பெயரால் பெரியதொரு படப்பிடிப்பு அரங்கமும் அவ்வூரில் எழுந்தது. திரையில் முகங்காட்டாத லைட்மேனும் வண்டியோட்டியும் உடை தைப்பவரும் அரசினரிடம் நிலங் கேட்டுப் பெறும் நிலையை எய்தியது எவ்வாறு என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் விஷயம்.

தென்னாட்டில் முதன்முதற் கதைப்படம் எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார் ஆவார். மோட்டார் வண்டி உறுப்புக்களை விற்றுவந்த அவர், புனாவில் ஓர் ஆங்கிலேயரிடம் காமிராத் தொழிலைப் பயின்று, 1917-ம் ஆண்டளவிற் சென்னையில் ‘கீசக வதம்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். முதலிட்டவரும் இயக்கியவரும் காமிராவைச் சுழற்றியவரும் அவரே. ஒருவரே எல்லா வேலையையும் செய்யுமிடத்துச் சங்கத்துக்கு இடமில்லை. யாரிடம் யார் கூலி கேட்பது?

1931-ம் ஆண்டிற் பேசும்படம் வந்ததும் இந்நிலை மாறிற்று. ஒலிப்பதிவுக்கு ஒருவர், ஒளிப்பதிவுக்கு ஒருவர், படத்தொகுப்புக்கு ஒருவர் என வேலை பிரிந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னை ஜெமினி முதலிய பெரிய ஸ்டூடியோக்கள் தோன்றின. ஜெமினியில் நடிகர் முதற் கணக்கர் ஈறாகப் பலர் மாதச் சம்பளம் பெற்றனர். படம் ஓடினும் ஓடாவிடினும் திங்கள்தோறும் பணம் வந்தது. போர்க்காலத்திற் கச்சாப் பிலிம் கிடைப்பது அரிதாகிப் படத்தின் நீளத்தை 11,000 அடியாகச் சுருக்க நேர்ந்தபொழுதும் சம்பளக்காரர் ஒருவாறு பிழைத்தனர். 1940-களில் டெக்னீஷியன்கள் கூடிச் சென்னையில் ஒரு சங்கம் அமைத்தனர். ஆயினும் அது பெரும்பாலும் தொழிலறிவை வளர்க்கும் கழகமாகவே இருந்தது என்பது எமது கருத்து.

பிந்திய ஆண்டுகளில் ஸ்டூடியோக்கள் தளர்ந்து, தனி முதலாளிகள் அரங்கத்தை வாடகைக்கு எடுத்துப் படம் பிடிக்கும் வழக்கம் வேரூன்றியது. மாதச் சம்பளம் போய் நாட்கூலி வந்தது. ஒப்பந்தம் வாய்ச்சொல்லே. “படம் வெளியானதும் தருகிறேன்” என்பார் முதலாளி, படமோ வெளியாகாது. இவ்விடத்தேதான் தொழிற்சங்கம் என்பது இன்றியமையாததாயிற்று.

அதற்கு வித்திட்டோர் இருவர். ஒருவர் நிமாய் கோஷ். தேசப் பிரிவினையால் அகதிகளானோரைப் பற்றி 1950-ல் ‘சின்னமூல்’ என்ற வங்காளிப் படத்தை எடுத்துப் பின் சென்னையிற் குடியேறிய ஒளிப்பதிவாளர். மற்றவர் இசையமைப்பாளர் எம். பி. ஸ்ரீநிவாசன். 1960-ல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ என்னும் தொழிலாளர் வாழ்வுப் படத்தை முன்னவர் இயக்கப் பின்னவர் இசையமைத்தார். ஸ்ரீநிவாசன் வாத்தியக்காரர்களைத் திரட்டிச் சங்கம் கண்டார். அதன் பயனாக, ஒலிப்பதிவு முடிந்தவுடனே கூலியைக் கையிற் பெறும் வழக்கம் வாத்தியக்காரரிடையே நிலைபெற்றது. மாதக்கணக்கிற் காத்திருந்தவனுக்கு, அன்றைய கூலி அன்றே கிடைப்பதென்பது எத்துணைப் பெரிய மாறுதல்! (சேர்ந்திசைக் குழு வாயிலாகவும் இவரை நம் போன்ற கல்லூரியினர் அறிவர். பலர் ஒருங்கே பாடும் முறையைத் தமிழ்நாட்டிற் பரப்பிய அவர், 1988-ல் இலட்சத்தீவுகளிற் காலமானார்.)

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சங்கம் எழ, அவையனைத்தும் சேர்ந்து தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் ஆயின. அதனையே மக்கள் ‘பெப்சி’ என்பர். இருபதுக்கு மேற்பட்ட சங்கங்களும் ஏறக்குறைய 25,000 உறுப்பினரும் உடையது அது. அதன் வலிமை எளிதில் விளங்கும். லைட்மேன் மட்டும் வேலையை நிறுத்தினால் வேறு ஆளை வைத்து விளக்கேற்றலாம்; அவனுக்குக் கூலி நின்றது கண்டு ஒப்பனையாளரும் சமையற்காரரும் வண்டியோட்டியும் உடன்நின்றால் முதலாளி இறங்கி வந்தே தீரவேண்டும். கால்ஷீட் நேரம், மிகைநேரக் கூலி, பேட்டா ஆகிய யாவும் இவ்வழியே பேசித் தீர்க்கப்பட்டவை.

ஆயின் சங்கத்தையே எப்பொழுதும் புகழ்ந்துகொண்டிருத்தல் நியாயமன்று. உறுப்பினரல்லாதார் அரங்கினுட் புகலாகாது என்னும் கட்டுப்பாடு, உள்ளிருப்போரைக் காத்ததைப்போலவே வெளியே நின்ற ஏழை இளைஞரைத் தடுக்கவும் செய்தது. 1997-ல் படைப்பாளிகள் என்று தம்மை அழைத்துக்கொண்ட பிரிவினருக்கும் சம்மேளனத்துக்கும் மூண்ட பூசலாற் பல மாதம் தொழில் முடங்கியதும், நாட்கூலி பெறுவோர் அடுப்பெரியாது வாடியதும் மறக்கற்பாலன அல்ல.

கூலியினும் பெரியது உயிர். 2020-ம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் பூந்தமல்லிக்கு அருகில் ஒரு படப்பிடிப்பு அரங்கில் பாரந்தூக்கி சரிந்து மூவர் மாண்டனர். இத்தகைய வேளையில் இறந்தவன் யாருடைய ஆள் என்பதற்கு எழுத்து வேண்டும். எழுத்துமூல ஒப்பந்தமின்றிச் சினிமாத் தொழிலாளரை அமர்த்தலாகாது என்று 1981-ம் ஆண்டின் மத்திய சட்டம் விதித்தது. அது கதைப்படங்களுக்கு மட்டுமே உரியது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ தொலைக்காட்சி, விளம்பரம், இணையத் தொடர் ஆகியவற்றில் உழைப்போரையும் அவ்விதியின்கீழ்க் கொணர்ந்தது.

இனி நம் பக்கத்து வீடியோக்காரரை நோக்குவோம். கற்பாக்கத்திலும் செங்கற்பட்டிலும் கலியாணத்துக்குக் காமிரா எடுத்துச் செல்பவர், பகலிற் படம் பிடித்து, இரவிற் கணினியில் தொகுத்து, இசை சேர்த்து, தாமே கொண்டுபோய்க் கொடுக்கிறார். நடராஜ முதலியாரின் நிலை நூறாண்டு கழித்து அவரிடம் மீண்டு வந்துவிட்டது. வேலைக்கொரு சங்கம் என்னும் சென்னை முறை இவருக்குப் பொருந்தாது. மேற்சொன்ன சட்டப் பட்டியலிலும் கலியாண வீடியோ பெயர்சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஊர்தோறும் ஒளிப்பட, வீடியோக் கலைஞர் சங்கங்கள் தோன்றியதன் காரணம் இதுவே. அவற்றில் ஒளிப்பதிவாளர் வேறு, தொகுப்பாளர் வேறு என்ற பிரிவில்லை, ஊரே பிரிவு. ஒருவர் நோயுற்றால் மற்றொருவர் ஒப்புக்கொண்ட கலியாணத்தை முடித்துக்கொடுப்பதும், மிகக் குறைந்த கூலிக்கு ஒருவரையொருவர் வீழ்த்தாதிருப்பதும் அவற்றால் ஆகக்கூடிய காரியங்கள். முன்பணத்தோடு ஒரு தாளிற் கையொப்பமும் வாங்கும் வழக்கத்தை அவை வற்புறுத்துமாயின், முதலாளி ஒருவரல்லாது வீட்டுக்கொருவராக உள்ள இத்தொழிலிலும் பாக்கி குறையும்.

பையனூர்க் கதையும் எழுத்தைப் பற்றியதே. 2010-ம் ஆண்டின் ஆணை, மூன்றாண்டுக்குட் கட்டடம் எழுப்பவேண்டும் என்னும் நிபந்தனையுடையது. அங்ஙனம் எழுப்பப்படாமையின் ஆணை காலாவதியாயிற்று. 2025-ம் ஆண்டின் தொடக்கத்திற் புதிய ஆணை வழங்கப்பெற்றது.