''பில் ப்ராசஸ்ல இருக்கு சார்!''

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெஷின் சத்தத்துக்கு அடுத்தபடியாக அதிகம் காதில் விழும் வாக்கியம் மேலே இருப்பதுதான். கேட்பவர், உதிரி பாகம் செய்து தரும் லேத் பட்டறைக்காரர். சொல்பவர், கம்பெனி அக்கவுண்ட்ஸ் ஆசாமி. அர்த்தம்: 'எங்க இருக்குன்னு எனக்கும் தெரியாது!'

அந்த அக்கவுண்ட்ஸ் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான். தினம் நாலு தடவையாவது இந்த வசனம் கேட்டுவிடும். சிரிப்பு வரும். ஆனால் கேட்பவருக்கு வராது. கொரட்டூரில் ரெண்டு லேத், ஆறு ஆள் வைத்துப் பிழைப்பவர் அவர். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தாக வேண்டும். பில் பணம் வராத வாரம், சம்சாரத்தின் வளையல் அடகுக் கடைக்குப் போகும்.

கம்பெனியில் பணம் இல்லையா? இருந்தது. காகிதம்தான் வந்து சேரவில்லை.

ஒருநாள் எம்.டி. கூப்பிட்டார். ''ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போடுப்பா. எல்லாம் ஆட்டோமேடிக்கா நடக்கட்டும்!''

''சரி சார். முதல்ல இப்ப எப்படி நடக்குதுன்னு பார்த்துடறேன்'' என்றேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு பில்லின் பின்னால் அலைந்தேன், துப்பறியும் சாம்பு மாதிரி.

ஸ்டோர்ஸில் சரக்கை எண்ண 15 நிமிஷம். இன்ஸ்பெக்ஷனில் வெர்னியர் வைத்து அளக்க 40 நிமிஷம். பர்சேஸில் ரேட் சரிபார்க்க 5 நிமிஷம். மேனேஜர் கையெழுத்து அரை நிமிஷம். அக்கவுண்ட்ஸ் என்ட்ரி 10 நிமிஷம். கூட்டினால் ஒரு மணியும் ஒரு காபி நேரமும். ஆனால் பில் ஊர்ந்து முடிக்க 31 நாள்!

மீதி நேரமெல்லாம் அது என்ன செய்தது? டிரேயில் படுத்துத் தூங்கியது. அதிலும் மேனேஜர் கோயம்புத்தூர் போன வகையில் மட்டும் 9 நாள் தூக்கம். ஆக, யாரும் மெதுவாக வேலை செய்யவில்லை. வேலைக்கும் வேலைக்கும் நடுவில் இருந்த காத்திருப்புதான் வில்லன். அதை விட்டுவிட்டு சாஃப்ட்வேர் போட்டால், டிரேயில் தூங்கியது ஸ்க்ரீனில் தூங்கும். அவ்வளவுதான் முன்னேற்றம்.

பெட்டியில் ஓர் அட்டை

இந்த நோய்க்கு ஜப்பான்காரர்கள் மருந்து கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில், அலமாரியில் காலியானதை மட்டும் திரும்ப நிரப்புகிறார்கள் என்ற விஷயம் டொயோட்டாவின் டாயிச்சி ஓனோவைப் பிடித்துக்கொண்டது. 1950-களில் அதைத் தன் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். உதிரி பாகப் பெட்டியில் ஓர் அட்டை இருக்கும். பெட்டியிலிருந்து எடுக்க ஆரம்பித்ததும் அட்டை பின்னால் இருக்கும் செக்‌ஷனுக்குப் போகும். இன்ன பாகம், இத்தனை, இன்ன இடத்துக்கு என்று அதிலேயே இருக்கும். யாரிடமும் போய் 'செய்யட்டுமா சார்?' என்று தலை சொறிய வேண்டாம். அட்டைதான் உத்தரவு. அதன் பெயர் கான்பான்.

இதெல்லாம் நம்ம ஏரியாவுக்குப் புதுசு இல்லை. பக்கத்துப் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் கம்பெனி அதுதான். அதே பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 2004-ல் வாங்கியது. தரத்துக்காக ஜப்பான் கொடுக்கும் பரிசு அது. ஷாப் ஃப்ளோரில் ஜப்பானிய பாடம் படித்த இந்த வட்டாரத்தில், மாடியில் இருக்கும் ஆபீஸ் டிரே மட்டும் படிக்காமல் தப்பிவிட்டது!

நாலே விதி

அட்டைத் தத்துவத்தை பில்லுக்கு மாற்றினோம். முதல் விதி: ஆர்டர், சரக்கு ரசீது, பில் மூன்றும் ஒத்துப்போனால் கையெழுத்தே வேண்டாம், நேராக அக்கவுண்ட்ஸ்.

''என்னது! என் கையெழுத்து இல்லாமலா?'' என்று மேனேஜர் சிலிர்த்துக்கொண்டார். மூன்று மாத பில்களை எடுத்துக் காட்டினேன். அவர் திருப்பி அனுப்பியது நாலே நாலு. நாலும் ரேட் வித்தியாசம். அதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் போதும். மனிதர் கொஞ்ச நேரம் சீலிங்கைப் பார்த்துவிட்டு, ''பெரிய தொகையாவது எனக்கு வரட்டும்'' என்றார். நியாயம்தானே? ஒத்துக்கொண்டோம். ஆர்டர் போடுகிறவரே பணம் தரச் சொல்லக்கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டையும் தொடவில்லை. எல்லாப் பூட்டையும் கழற்றிவிட்டு 'வேகம்' என்று சொல்வது திருடனுக்குத்தான் சௌகரியம்.

ரெண்டாவது: ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க அவசியமில்லாத வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கட்டும். இன்ஸ்பெக்ஷன் அளக்கும்போதே பர்சேஸ் ரேட் பார்க்கலாமே!

மூன்றாவது: ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆள், ஒரு கெடு, ஒரு மாற்று ஆள். 'பர்சேஸ் டிபார்ட்மெண்ட்' என்று போட்டால் எல்லோருக்கும் சொந்தம், யாரும் பார்க்க மாட்டார்கள். பெயர் போட வேண்டும். ஒரு நாளில் முடிக்காவிட்டால் மாற்று ஆளுக்குத் தானாகப் போய்விடும். கோயம்புத்தூர் பயணம் இனி தாராளமாகப் போகலாம்!

நாலாவதுதான் முக்கியம்: கோளாறு என்றால் நிற்க வேண்டும். டொயோட்டா குடும்பம் கார் செய்வதற்கு முன் தறி செய்தது. 1924-ல் வந்த அவர்களுடைய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். நம் பில்லும் அப்படித்தான். 500 பீஸுக்கு 480 வந்தால் நிற்கும், காரணத்தோடு ஒருவர் ஸ்க்ரீனுக்குப் போகும். பட்டறைக்காரர் போனுக்கும் மெசேஜ் போகும்.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்க வேண்டும் என்பதிலும் சண்டை வந்தது. பில் தன் டேபிளுக்கு வந்த நாளிலிருந்து என்றது அக்கவுண்ட்ஸ். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006-ம் வருஷ சிறு தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கணக்கு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள்! தாண்டினால் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. ஆகவே கேட்டில் லாரி நுழைந்ததுமே கடிகாரத்தை ஓடவிட்டோம். அதோடு, காலம் கடத்தினால் பணத்தை நிஜமாகக் கொடுத்த வருஷத்தில்தான் அதைச் செலவுக் கணக்கில் கழிக்கலாம் என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன்பின் டைரக்டர்களுக்கே பில் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது!

இப்போது கோளாறு இல்லாத பில் மூன்றாம் நாள் அக்கவுண்ட்ஸுக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஒரு தர்மசங்கடம். முன்பெல்லாம் பணம் லேட்டானால் பழியைக் காகிதம் சுமக்கும். இப்போது லேட்டானால், யாரோ ஒருவர் 'அப்புறம் கொடுக்கலாம்' என்று முடிவு செய்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் பெயரும் ஸ்க்ரீனில் இருக்கும்.

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு காகிதம் தூங்கிக்கொண்டிருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் பண்ணுவதற்கு முன், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு தடவை அதன் பின்னால் நடந்து பாருங்கள். செலவு, செருப்புத் தேய்மானம் மட்டும்தான்!