மறுப்புக் கடிதம் வந்தால்...

பெங்களூரில் சிவாஜிநகர் நெருக்கடியான பகுதி. ரஸ்ஸல் மார்க்கெட், பஸ் நிலையம், மாதா கோயில் என்று எங்கும் கூட்டம். சந்துகளில் வீடுகள் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கும். குழாயில் எல்லா நேரமும் தண்ணீர் வராது. அதனால் பல வீடுகளின் மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும்.

அப்படி ஒரு சந்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் மார்க்கெட்டில் காய் விற்கிறார். மனைவி வீட்டு வேலைக்குப் போகிறார். முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். வீடு சொந்த வீடு. அதைச் சீர் செய்ய வங்கியில் கடன் வாங்கினார்கள். அப்போது வீட்டுக்கு இன்சூரன்ஸும் எடுத்தார்கள். ஆண்டுதோறும் பிரீமியம் கட்டி வந்தார்கள்.

என்ன நடந்தது?

நவம்பர் மாதம். நடு இரவு. தொட்டியிலிருந்து வரும் குழாய் உடைந்தது. தொட்டி நீர் முழுவதும் கூரை வழியாக வீட்டுக்குள் கொட்டியது. கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. கட்டில், மெத்தை, டி.வி., பிரிட்ஜ் எல்லாம் நனைந்தன. பீரோவில் இருந்த துணிகளும் வீணாயின.

விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தார்.

"அக்கா, எதையும் தூக்கிப் போடாதீங்க. முதல்ல போட்டோ எடுங்க" என்றார்.

அது நல்ல யோசனை. நனைந்த பொருள்களைக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். உடைந்த குழாயையும் படம் எடுத்தார்கள். பிளம்பர் வந்து குழாயை மாற்றினார். பழைய குழாய்த் துண்டை அந்த அம்மா பத்திரமாக வைத்துக்கொண்டார். அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போன் செய்து சொன்னார்கள்.

சேதத்தைக் கணக்கிட்டார்கள். பொருள்களுக்கு 55,000 ரூபாய். கூரை, சுவர் வேலைக்கு 35,000 ரூபாய். மொத்தம் 90,000 ரூபாய். இந்தத் தொகையைக் கம்பெனியிடம் கேட்டார்கள்.

கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பியது. சேதத்தைப் பார்த்து மதிப்பிடுபவர் சர்வேயர். அவர் பார்த்துவிட்டுப் போனார். சில வாரங்களில் ஒரு கடிதம் வந்தது. பணம் இல்லை என்றது கடிதம்.

கணவர் சோர்ந்து போனார். "பெரிய கம்பெனி. நம்மால் என்ன செய்ய முடியும்?" என்றார்.

அந்த அம்மா கடிதத்தை மடித்து வைக்கவில்லை. "என்ன காரணம் எழுதியிருக்காங்கன்னு முதல்ல பார்ப்போம்" என்றார்.

கடிதத்தில் என்ன இருந்தது?

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகள் கல்லூரியில் படிப்பவள். அவள் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். முக்கியமான வரி ஒன்றுதான். "இந்தச் சேதம் நீண்ட நாள் கசிவால் வந்தது. நீண்ட நாள் கசிவுக்குப் பாலிசியில் இடம் இல்லை."

எந்த மறுப்புக் கடிதத்திலும் இந்தக் காரண வரியைத் தேட வேண்டும். அதன் கீழே கோடு போட வேண்டும். பதில் சொல்ல வேண்டியது அந்த வரிக்குத்தான்.

காரணம் கம்பெனியையும் கட்டுப்படுத்தும். 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சரக்கு இன்சூரன்ஸ் வழக்கில் இதைச் சொன்னது. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைக் கம்பெனி பிறகு வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது. ஆகவே அந்தக் கடிதத்தைத் தொலைக்கக் கூடாது. உறையையும் வைத்திருப்பது நல்லது. கடிதம் எந்த நாளில் வந்தது என்பதற்கு அது சாட்சி.

பாலிசி என்ன சொல்கிறது?

அடுத்து பாலிசியை எடுத்தார்கள். அது 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி. வீடுகளுக்கான இந்தப் பொதுப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றால் வரும் சேதம் இதில் அடங்கும். தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து அல்லது நிரம்பி வழிந்து வரும் சேதமும் அடங்கும்.

வீட்டுப் பொருள்களுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 100-க்கு 20 பங்கு பொருள்களுக்குத் தானாகவே சேரும். அதன் உச்ச வரம்பு 10 லட்சம் ரூபாய். இந்த வீட்டின் கட்டடத்துக்கு 10 லட்சம். எனவே பொருள்களுக்கு 2 லட்சம் வரை பாதுகாப்பு இருந்தது.

திடீர் உடைப்பு வேறு. மெதுவான கசிவு வேறு. மாதக் கணக்கில் சுவர் ஊறிக் கெட்டால் வீட்டு இன்சூரன்ஸில் பொதுவாகப் பணம் கிடைக்காது. அது வீட்டுக்காரர் பராமரிக்க வேண்டிய வேலை. ஒரே இரவில் குழாய் உடைந்தால் அது விபத்து. சண்டை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருந்தது.

சர்வேயர் சொன்னால் முடிந்ததா?

முடியவில்லை. சர்வேயர் அறிக்கை முக்கியமானது. ஆனால் அதுவே கடைசிச் சொல் அல்ல. இதை 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வண்டி விபத்து வழக்கில் சொன்னது.

பாலிசியில் விலக்கு இருக்கிறது என்று கம்பெனி சொல்லலாம். அந்த விலக்கு இந்தச் சேதத்துக்குப் பொருந்தும் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். 2023-லும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

அந்த அம்மா சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினார். "சுவரில் பழைய ஈரக் கறை" என்று அதில் இருந்தது. அது எந்தச் சுவர்? சமையலறை மூலை. அங்கே உண்மையில் பழைய ஈரம் இருந்தது. ஆனால் கூரை விழுந்தது முன் அறையில்.

முன் அறை முன்பு உலர்ந்திருந்தது என்பதற்கு என்ன சாட்சி? அம்மா கைப்பேசியைத் தேடினார். செப்டம்பர் 8-ம் தேதி மாதா திருவிழா. அன்று குடும்பத்தோடு முன் அறையில் எடுத்த படம் இருந்தது. படத்தில் தேதி இருந்தது. பின்னால் சுவரும் கூரையும் தெரிந்தன. ஒரு கறையும் இல்லை!

பிளம்பர் தன் பில்லில் "குழாய் இணைப்பு உடைந்திருந்தது, மாற்றப்பட்டது" என்று தேதியோடு எழுதித் தந்தார். அன்று இரவு நடந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கையெழுத்திட்டார்.

முதல் படி: கம்பெனிக்கு எழுதுவது

ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியிலும் குறை தீர்க்கும் அலுவலர் உண்டு. முதலில் அவருக்கு எழுத வேண்டும். கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். பாலிசி எண், சேதம் நடந்த நாள், கம்பெனி சொன்ன காரணம், அது ஏன் தவறு, கேட்கும் தொகை. இந்த ஐந்தும் போதும்.

சாட்சிகளின் நகலை இணைக்க வேண்டும். அசலைக் கொடுக்கக் கூடாது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் ரசீது கிடைக்கும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்க வேண்டும். 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். இது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் எண்.

கையெழுத்துக்கு முன்

பதினைந்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். "20,000 ரூபாய் தருகிறோம். இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றார்.

முன்பெல்லாம் அந்த அம்மா காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்திருப்பார். இப்போது தாளைக் கையில் வாங்கினார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது, சார்? படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.

"முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. இப்படிப்பட்ட தாளில் கையெழுத்திட்டால் மீதித் தொகையைக் கேட்பது கடினமாகிவிடும்.

இரண்டாம் படி: ஆம்பட்ஸ்மன்

கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் ஆனது. பதில் இல்லை. இனி இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். ஆம்பட்ஸ்மன் என்றால் குறைதீர்ப்பாளர். இந்த ஏற்பாடு 1998-ல் வந்தது. கர்நாடகத்துக்கான அலுவலகம் பெங்களூரு ஜே.பி. நகரில் உள்ளது.

இங்கே கட்டணம் இல்லை. வக்கீல் வைக்கவும் கூடாது. பாதிக்கப்பட்டவரே பேசலாம். 50 லட்சம் ரூபாய் வரையுள்ள புகார்களை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தால் இங்கே எடுக்கமாட்டார்கள்.

விசாரணை நாளில் அந்த அம்மா உடைந்த குழாய்த் துண்டையும் எடுத்துப் போனார். திருவிழாப் படத்தைக் காட்டினார். சமையலறை மூலையைப் பற்றிக் கேட்டார்கள். "அது பழைய ஈரம்தான், ஐயா" என்று உண்மையைச் சொன்னார். அதற்கான 6,000 ரூபாய் கழிக்கப்பட்டது. மீதி 84,000 ரூபாயைக் கம்பெனி தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

எல்லாப் புகாரும் இப்படி வெற்றியில் முடியும் என்று சொல்ல முடியாது. சாட்சி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தீர்ப்பும் சாயும். ஆனால் ஆம்பட்ஸ்மன் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் கம்பெனி அதை நிறைவேற்ற வேண்டும்.

மூன்றாம் படி: நுகர்வோர் ஆணையம்

ஆம்பட்ஸ்மன் தீர்ப்பு திருப்தி தராவிட்டால் பாதிக்கப்பட்டவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நேராகவே அங்கே போகவும் வழி உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கட்டிய பிரீமியம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915. இலவசச் சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. சேதம் நடந்ததும் படம் எடுக்க வேண்டும். கம்பெனிக்கு உடனே சொல்ல வேண்டும்.

2. உடைந்த பொருளையும் பில்லையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

3. மறுப்புக் கடிதத்தில் காரண வரியைத் தேட வேண்டும். அதற்குச் சாட்சியோடு பதில் தர வேண்டும்.

4. முதலில் கம்பெனி. ஒரு மாதம் பார்த்து ஆம்பட்ஸ்மன். ஓராண்டு தாண்டக் கூடாது.

5. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

அந்த வீட்டில் இப்போது ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பாலிசி, பிரீமியம் ரசீது, வீட்டுப் பத்திர நகல் எல்லாம் அதில் உள்ளன. பெட்டி பரண் மேல், தண்ணீர் எட்டாத இடத்தில் இருக்கிறது. சமையலறை மூலையின் ஈரத்தையும் சரி செய்துவிட்டார்கள்.