பில் பாஸ் ஆயிடுச்சு... பணம் எங்கே?

போன செமஸ்டர் லீவுல ஒரு சின்ன கான்ட்ராக்டர்கிட்ட இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். அரசுப் பள்ளிக் கட்டட வேலை. 10 லட்சம் ரூபாய் பில் பாஸான அன்னைக்கு சைட்டுல எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தார். வந்த பணத்துல பெரும்பகுதியை அடுத்த சைட்டுக்கு கம்பி வாங்கப் போட்டுட்டார். அடுத்த மாசம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி கட்ட வீட்டு நகையை அடகு வைச்சார். வேலையில நஷ்டம் இல்லை, லாபம்தான். அப்புறம் ஏன் இப்படி?

சிவில் படிக்கிற நம்மில் பலர் நாளைக்கு சப்-கான்ட்ராக்ட் எடுக்கப் போறவங்க. அதனால அந்த பில்லையே பிரிச்சுப் பார்ப்போம். கணக்கு சுலபமா புரிய எண்களை முழு எண்களா மாத்தியிருக்கேன்.

வேலை மதிப்பு 10,00,000. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,80,000. ஆக பில் 11,80,000. இதுல துறை பிடிச்சது:

வருமான வரி டிடிஎஸ் (தனிநபருக்கு 1 சதவீதம்): 10,000
ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம்: 20,000
கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம்: 10,000
ஒப்பந்தப்படி பிடித்து வைக்கிற ரிடென்ஷன் 5 சதவீதம்: 50,000

90,000 போக கைக்கு வந்தது 10,90,000. 'பில்லை விட அதிகமா வந்திருக்கே'ன்னு தோணுதா? அங்கேதான் மாட்டிக்கிறோம். அதுல ஜிஎஸ்டி பணமும் இருக்கு, அது நம்மளோடது இல்லை.

இப்போ செலவு. சிமெண்ட், கம்பி 4,00,000. அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 72,000. ஜல்லி, எம்-சாண்ட் 1,60,000. அதுக்கு 5 சதவீதம் 8,000. கூலி, இதர செலவு 3,20,000. ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் 9,60,000 வெளியே போச்சு.

பொருள் வாங்கும்போது கட்டின 80,000 ஜிஎஸ்டியை நாம கட்ட வேண்டிய 1,80,000-ல கழிச்சுக்கலாம். இதுதான் உள்ளீட்டு வரி வரவு, ஐடிசி. மிச்சம் 1,00,000. துறை பிடிச்ச 20,000 நம்ம ஜிஎஸ்டி கணக்குல வரவா இருக்கும். ஆக கையிலிருந்து கட்ட வேண்டியது 80,000.

10,90,000-ல 9,60,000-ம் 80,000-ம் போனா மிச்சம் 50,000. ஆனா கணக்குப் புத்தகம் காட்டுற லாபம் 1,10,000. மீதி 60,000 தொலையலை. 50,000 ரிடென்ஷனா துறையிடம் இருக்கு. 10,000 வருமான வரித் துறையிடம் நம்ம பான் எண் பேரில் இருக்கு. லாபம் வேற, கையில இருக்கிற காசு வேற. நகை அடகுக்குப் போனதுக்குக் காரணம் இந்த ஒரு வரியை மறந்ததுதான்.

சரி, என்ன செய்யலாம்?

முதல்ல, ஜிஎஸ்டிக்குத் தனி வங்கிக் கணக்கு வைங்க. பில் பணம் வந்த அன்னைக்கே கட்ட வேண்டிய தொகையை அதுல தள்ளிடுங்க. தாமதமா கட்டினா ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி.

ரெண்டாவது, ஒவ்வொரு வேலைக்கும் ரிடென்ஷன் எவ்வளவு, எப்போ திரும்ப வரும்னு ஒரு பதிவேடு. குறைபாட்டுக் காலம் முடிஞ்சும் கேட்காம விட்ட பணம் நிறைய பேருக்கு இருக்கு.

மூணாவது, 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்க. பிடிச்ச டிடிஎஸ் உங்க பான் எண்ணில் ஏறியிருக்கான்னு அதுல தெரியும். வருஷத்துக்கு 80 லட்சம் வேலை செய்தா 1 சதவீதமே 80,000. உங்களுக்கு வரியே வராட்டியும், ரிட்டர்ன் போட்டாதான் அது திரும்பும்.

வருமான வரியில சின்ன கான்ட்ராக்டருக்கு ஒரு எளிய வழி உண்டு. 1961 சட்டத்தில் அது பிரிவு 44ஏடி. (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறும்.) விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தா, வங்கி வழியா வந்த தொகையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம்னு காட்டி வரி கட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவங்களுக்கு வரம்பு 3 கோடி. விரிவான கணக்குப் புத்தகம் தேவையில்லை. ஆனா இது குறைந்தபட்ச அளவு. நிஜ லாபம் அதிகம்னா அதைக் காட்டணும். ஒரு வருஷம் வந்துட்டு அடுத்த வருஷம் குறைவா காட்டி வெளியே போனா, 5 வருஷம் திரும்ப உள்ளே வர முடியாது. முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

பெரிய வேலைன்னா நிறைவு விகித முறை. ஒப்பந்தம் 1 கோடி, மதிப்பிட்ட செலவு 80 லட்சம், மார்ச் 31 வரை ஆன செலவு 40 லட்சம்னு வைங்க. வேலை 50 சதவீதம் முடிஞ்சதா கணக்கு. வருமானம் 50 லட்சம், லாபம் 10 லட்சம். பில் 35 லட்சத்துக்குத்தான் போட்டிருந்தாலும் இதுதான். இந்த முறையில ரிடென்ஷனும் வருமானத்தில் சேரும். சைட்டுல இறக்கிப் போட்டு இன்னும் பயன்படுத்தாத கம்பி, செலவில் சேராது. கவனிச்சீங்களா? இங்கே வரியை முடிவு பண்றது நம்ம எஸ்டிமேட். அதுல தப்பு வந்தா லாபமும் வரியும் தப்பாகும். எம்-புக் எழுதுறது ஆடிட்டர் வேலையையும் சேர்த்துச் செய்றதுதான்.

இன்னும் ரெண்டு குழி இருக்கு. கணக்கு எழுதி வரி கட்டுறவர், ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமா கொடுத்தா அந்தச் செலவைக் கழிக்க முடியாது. மேஸ்திரியிடம் சனிக்கிழமை மொத்தமா 45,000 நீட்டுறது இதுல மாட்டும். மஸ்டர் ரோல் எழுதி, கொத்தனார், சித்தாள் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கூலி கொடுங்க, முடிஞ்சா வங்கி வழியா. அடுத்தது, சிமெண்ட் கடைக்காரர் தன் ரிட்டர்னில் உங்க பில்லை ஏத்தலைன்னா, அது உங்க ஜிஎஸ்டிஆர்-2பியில் வராது, ஐடிசியும் கிடைக்காது. விலையில ரெண்டு ரூபாய் குறைச்சுக் கொடுக்கிற கடையை விட, ஒழுங்கா ரிட்டர்ன் போடுற கடை லாபம்.

பொருளே வாங்காம பில் மட்டும் வாங்கி ஐடிசி எடுக்கலாம்னு யாராவது ஐடியா கொடுப்பாங்க. அது வரித் திட்டமிடல் இல்லை, மோசடி. எடுத்த வரவு வட்டி, அபராதத்தோட திரும்பப் போகும். எது நம்ம பணம், எது நாம கட்ட வேண்டிய பணம், எது நமக்கு வர வேண்டிய பணம்னு மாசா மாசம் மூணு பத்தியில் எழுதிப் பாருங்க. திட்டமிடல் அங்கேதான் தொடங்குது.

அந்த கான்ட்ராக்டர் இப்போ அப்படி எழுத ஆரம்பிச்சிருக்கார். நகையை மீட்டுட்டாராம். முதல் ரிடென்ஷன் வந்ததும் போன் பண்ணிச் சொன்னார்.