மரப்பட்டையில் காற்றின் கணக்கு

கோழிக் குழம்புக்கு மசாலா வறுக்கும்போது சிலர் கல்பாசி சேர்ப்பார்கள். காய்ந்த சருகு போல இருக்கும் அது செடியும் அல்ல, வெறும் பாசியும் அல்ல. பூஞ்சையும் பாசியும் ஒரே உடலாக வாழும் லைக்கன். கல்பாசி குளிர்ந்த மலைகளில் வளர்வது. ஆனால் அதன் உறவினர்கள் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நிறைய உண்டு. லயத்து மாமரத்திலும் தென்னையிலும் சுண்ணாம்பு தெறித்ததுபோல் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். மரத்துக்கு நோய் என்று பலர் சுரண்டி விடுகிறார்கள். நோயல்ல, அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை.

பிறகு எப்படி வாழ்கிறது? பூஞ்சை இடம் கொடுக்கிறது, பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது. லைக்கனுக்கு வேர் கிடையாது; இலைக்கு இருக்கும் மெழுகுப் பூச்சும் கிடையாது. நீரும் தாதுக்களும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் நேராக உள்ளே போகின்றன. ஆலைப் புகையில் உள்ள கந்தக டைஆக்சைடும் அதே வழியில் புகுந்து பாசியின் பச்சையத்தைக் கெடுக்கிறது. பாரிஸ் நகரின் மற்ற இடங்களில் காணாத லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவில் மட்டும் இருப்பதை 1866-இல் நைலாண்டர் என்ற அறிஞர் கவனித்தார். காற்றின் தூய்மையே காரணம் என்றார். நீலாயை அடுத்த பாங்கியில் இருக்கும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோலாலம்பூரின் காற்றை இதே வழியில் மதிப்பிட்டு 2017-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மரம் முழுக்க வெள்ளையாக இருந்தால் காற்று சுத்தம் என்று அர்த்தமில்லை. டிரினாரியா பிக்டா போன்ற சில இனங்கள் சாலைப் புகையையும் தாங்கிக்கொள்ளும். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எத்தனை வகை இருக்கிறது என்பதே கேள்வி.

ஐரோப்பாவில் வழக்கமான முறை எளிது. 10 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சட்டம். அதில் ஐந்து சதுரங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், மரத்தின் நான்கு திசைகளிலும் வைத்து, ஒவ்வொரு வகையும் எத்தனை சதுரங்களில் இருக்கிறது என்று எண்ண வேண்டும். பெயர் தெரியாவிட்டால் 'சாம்பல் இலை', 'பச்சைப் பொடி' என்று நீங்களே பெயர் வையுங்கள். ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட் போலப் படர்ந்திருப்பது பெரும்பாலும் தனிப் பாசி, அதை விட்டுவிடுங்கள்.

பால்மரத்தில் ஒரு சிக்கல். நாம் அளக்க வேண்டிய அதே உயரத்தில்தான் பால் வெட்டுகிறார்கள். ஆகவே வெட்டுப்படாத மாமரம், கோயில் மரம், சாலையோர மரம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். பாசோ காட்டு மரத்தோடு செனவாங் சாலை மரத்தை ஒப்பிடவும் கூடாது. அடர்ந்த காட்டின் அடியில் வெளிச்சம் குறைவு. லைக்கன்கள் மேலே கிளைகளில்தான் அதிகம். அலையாத்தி மரம் என்றால் இன்னொரு அலையாத்தி மரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதில் அவசரமும் இருக்கிறது. நீலாயிலிருந்து போர்ட்டிக்சன் வரை தோட்ட நிலங்கள் 'மலேசியா விஷன் வேலி' திட்டத்துக்குள் வருகின்றன. தொழிற்சாலை வந்த பிறகு எண்ணினால், முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல யாரிடமும் கணக்கு இருக்காது. பெரும்பாலான லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். மரம் விழுந்தால் பல ஆண்டுப் பதிவும் அதோடு போய்விடும்.

உங்கள் தோட்டத்தில் ஐந்து மரங்கள் போதும். அடிக்குச்சியை ஓரமாக வைத்துப் படம் எடுங்கள். தேதி, இடம், மரத்தின் பெயர் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே மரங்களிடம் திரும்பிப் போங்கள்.