இறக்கத்தில் ஏறும் சார்ஜ்

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். போக வர நூறைத் தொடாது. 2020இல் வந்த முதல் நெக்ஸான் இவியில் 30.2 யூனிட் பேட்டரி; சோதனையில் கிடைத்த தூரம் 312 கிலோமீட்டர் என்றார்கள். ரோட்டில் 200 ஓடினாலே எனக்குத் திருப்திதான். இருந்தும் சித்தப்பா என் வண்டியில் ஏறினால் ஒரே கேள்வி: "பென்னாகரம் தாண்டி காட்டுல நின்னுப்போச்சுன்னா என்னாம்மா பண்ணுவ?"

நான் இயற்பியல் டீச்சர். கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்வேன். வண்டி 1,400 கிலோ. நாலு பேர் உட்கார்ந்தால் 1,700 என்று வையுங்கள். அதை 100 மீட்டர் உயரம் ஏற்ற ஏறக்குறைய அரை யூனிட் போதும். ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் வரை மலை ஏறுவதற்கென்று கூடுதலாகச் செலவாவது சுமார் ஒன்றரை யூனிட். அவ்வளவுதான் சித்தப்பாவின் பூதம்.

இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். அந்தச் சுமையே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வளைவுகளில் பிரேக்குக்கு வேலை குறைவு, கருகல் வாடையும் கிடையாது. ஆனால் பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது, இழுத்துப் பிடிப்பதும் குறைந்துவிடும். தருமபுரிக்காரர்களுக்குக் கவலையில்லை, வழியிலேயே சார்ஜ் கொஞ்சம் இறங்கிவிடும். பென்னாகரத்தில் வீடு இருப்பவர்கள் 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உண்மையில் சார்ஜைத் தின்பது நாலு வழிச்சாலை. பெங்களூரிலிருந்து வரும் அக்கா மகன் கிருஷ்ணகிரி ரோட்டில் 110க்குக் குறைய மாட்டான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80ஐ 110 ஆக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அங்கே வாரி இறைத்துவிட்டு மலைப்பாதையில் ஏசியை அணைப்பான்!

ஒகேனக்கல்லில் தங்குவதென்றால் லாட்ஜுக்குப் போன் போட்டு நான் முதலில் கேட்பது, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் 15 ஆம்ப் பிளக் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்றுதான். எர்த் இல்லாவிட்டால் சார்ஜர் வேலை செய்யாது. இருந்தால் மணிக்கு மூன்று யூனிட் வரை ஏறும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசலில் போய், மீன் சாப்பிட்டு வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு யூனிட் சேர்ந்துவிடும். ஊர் திரும்ப அதுவே தாராளம். கரண்டுக்கான காசைத் தனியாகக் கொடுத்துவிடுவேன். அடுத்த முறையும் பிளக் வேண்டுமே.